வீக்குச் செண்டை எந்த ஃபோல்டரில் இருக்கிறது

ஆசான் கேரளத்துப் பாறசாலைக்காரர். களியக்காவிளையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு, பஸ் கிடைத்தால் சீக்கிரம் வந்துவிடுவார். நடுவில் மாநில எல்லை இருந்தாலும் இரண்டு பக்கத்துக் கோவில்களிலும் செண்டை என்ற கேரளத் தோல் மேளத்தைத் தூக்கி நின்று அடித்தவர். அன்று ஒரு அம்மன் கோவில் கொடைக்கான பாட்டு. பாடகர் வந்துவிட்டார், மெட்டு முடிந்துவிட்டது, தாளம் மட்டும் பாக்கி. எட்டுப் பேரைக் கூட்டிவந்து சிங்காரி மேளம் (செண்டைக் கூட்டு மேளம்) பதிவு செய்யப் பணம் இல்லை. அதனால் கம்ப்யூட்டரில் இருக்கிற டோனை, அதாவது பதிந்து வைத்த கருவி ஒலியை, வைத்து அடித்தளம் போட்டு, அதன்மேல் ஆசான் ஒருவர் மட்டும் நேரில் வாசிப்பதாகப் பேச்சு.

"உருட்டு செண்ட நான் அடிக்கேன். ஒனக்க பெட்டியில இருந்து வீக்குச் செண்ட மட்டும் எடு மக்களே. அது கீழ நிக்கணும்" என்றார்.

உருட்டு முன்னே நின்று விளையாடும், வீக்கு அடியில் கனமாகத் தாளம் பிடிக்கும். அந்த வீக்கு என்னிடம் இருந்தது. மூன்று மாதம் முன்னால் ஒரு ராத்திரி ஹெட்போனில் கேட்டு, அடடா என்று எழுந்து நின்ற டோன் அது. ஆனால் எந்தக் கம்பெனியின் லைப்ரரி (ஒலித் தொகுப்பு), எந்த ஹார்ட் டிஸ்க், என்ன பெயர் என்று ஒன்றும் நினைவில்லை. திறக்கிறேன், மூடுகிறேன், ஒவ்வொன்றும் ஏற நிமிடக்கணக்காகிறது. பாடகர் இரண்டு சாயா குடித்துவிட்டு வெளியே ரப்பர் மரத்தடியில் போய் நின்றார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆசான் பக்கத்திலேயே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் சொன்னார்: "நாங்க செண்டய எறக்கி வச்சா, ராத்திரி கரண்டு போனாலும் கைய நீட்டி எடுத்துருவோம். ஒனக்க பெட்டிக்குள்ள அது எங்க இருக்குன்னு ஒனக்கே தெரியல்லியே மக்களே."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. அன்று கீபோர்டில் இருந்த ஏதோ ஒரு டிரம்மை வைத்துப் பாட்டை முடித்தோம். அந்தப் பாட்டை இப்போதும் கொடைக்கு ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். அந்த டிரம் வரும் இடத்தில் எனக்கு மனசு வலிக்கும். தேடிய டோன் நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. அதன் பெயர் 'இந்தியன் பெர்கஷன் 17'.

அதன் பிறகு எட்டு மாதம், தினமும் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, என்னிடமிருந்த மொத்தத்தையும் ஒழுங்கு செய்தேன். எதைச் செய்தேன், எதைச் செய்து கெடுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஒரே மூச்சில் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் நாள் மாலையில் காது செத்துவிட்டது. எல்லா வயலினும் ஒரே வயலினாகக் கேட்க ஆரம்பித்தது. காது களைத்த பிறகு எடுக்கிற முடிவு எல்லாமே தப்பு. ஒரு நாளைக்கு அரை மணி போதும்.

நான் பழகின காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. கச்சேரிக் குழுக்களில் கீபோர்டு வாசித்த அண்ணன்மார் டோனை எண்ணால்தான் சொல்வார்கள். எல்லாக் கீபோர்டுக்கும் பொதுவாக 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி மொத்தம் 128 டோன். 1 என்றால் பியானோ, 105 என்றால் சிதார், 112 என்றால் ஷெனாய். அந்த 128இல் நம் நாட்டுப் பங்கு அந்த இரண்டுதான். தவிலும் இல்லை, செண்டையும் இல்லை, தபலாகூட இல்லை. குறைவுதான், ஆனால் முழுவதும் மனப்பாடம். பாட்டின் நடுவில் இரண்டு பொத்தானைத் தட்டி மாற்றிவிடுவார்கள்.

1996இல் ஸ்டைன்பர்க் நிறுவனம், கம்ப்யூட்டர் இசை மென்பொருளுக்குள் பிளக்-இன் எனும் துணை நிரல்களைச் சொருகும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது, 1999இல் அதற்குள் இசைக்கருவிகளும் வந்தன, 2002இல், சாம்பிள் எனும் பதிந்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் கான்டாக்ட் மென்பொருள் வந்தது. கருவி என்பது பெட்டியிலிருந்து ஃபோல்டருக்கு மாறியது. ஃபோல்டருக்கு அளவு கிடையாது. எங்கள் அறையில் அது 1.4 டி.பி. வரை போயிருந்தது. ஒவ்வொரு லைப்ரரியும் தன் கம்பெனி பெயரில், தன் மனம்போல் உள்ளடுக்கு வைத்துக்கொண்டு வந்து இறங்கும். எந்தச் சரக்கு எந்த லாரியில் வந்தது என்று பார்த்து அடுக்கிய பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகு கேட்டால் கடைக்காரர் லாரி நம்பரை யோசிக்க வேண்டும். அந்தக் கடையில்தான் நான் பத்து வருடம் வியாபாரம் செய்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு ஒரு நொடிக்கு 288 கே.பி. பியானோவில் 88 கட்டை. ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, அழுத்தமாக, ஓங்கி என்று நான்கு விதத்தில் தட்டி, ஒவ்வொன்றும் 20 நொடி ஒலிக்க விட்டால் 7040 நொடி. சுமார் 2 ஜி.பி. இதையே மூன்று மைக்கில் எடுத்தால் 6. இந்தக் கணக்கு தெரிந்தபின் பெரிய லைப்ரரி என்றாலே நல்ல லைப்ரரி என்ற மயக்கம் எனக்குப் போனது. இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர் கிராண்ட் பியானோவில் 16 அழுத்த நிலைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கட்டையையும் பதிவு செய்யவில்லை. இடைவெளி விட்டு எடுத்து, நடுவில் உள்ளதை நீட்டிக் குறைத்து நிரப்பியிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பாடல்களுக்கு நான் இன்றும் அதைத்தான் அதிகம் எடுக்கிறேன்.

முதல் வேலை கழிப்பது. இதில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. என்னிடமிருந்ததில் பெரும்பங்கு, வேறொரு ஸ்டுடியோவிலிருந்து டிஸ்க்கோடு டிஸ்க்காக நகல் எடுத்தது. காசு கொடுத்து வாங்கியதில்லை. எங்கள் பக்கத்தில் பல அறைகளில் இதே நிலைதான். அவற்றை முழுவதும் அழித்தேன். வாசித்தவருக்குப் போக வேண்டிய கூலி அது என்பது முதல் காரணம். நானும் கூலிக்கு வாசிக்கிறவன். இரண்டாவது, அந்த நகல்கள் பாதி உடைந்தவை. சில சாம்பிள் இருக்காது, அப்டேட் வராது, கம்ப்யூட்டர் மாற்றினால் திறக்காது. போனவருடத்துப் பாட்டில் ஒரு வரி திருத்தச் சொல்லி யாராவது வந்தால் கைவிரிக்க வேண்டியிருக்கும். அழித்தபின் 1.4 டி.பி. என்பது 520 ஜி.பி. ஆனது. பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை.

மிச்சமிருந்ததில் பியானோ மட்டும் 11. அதில் மூன்றை வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். தேர்வு செய்த விதம் இதுதான்: ஏற்கனவே முடிந்த ஒரு பாட்டை எடுத்து, அதில் உள்ள எட்டு பார் (தாளச் சுற்று) பியானோ மிடியை, அதாவது எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பை, அப்படியே வைத்துக்கொண்டு, கருவியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தனியாக வாசித்துப் பார்க்கவே கூடாது. தனியாகக் கேட்கும்போது பெரிதாக, எதிரொலியோடு இருக்கிறதுதான் ஜெயிக்கும். பாட்டுக்குள் வந்தால் அது பாடகர் குரலை மூடிவிடும். இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும். மீட்டரைப் பார்த்து சமன் செய்தபிறகு, நான் பல வருடம் பெருமையாக வைத்திருந்த பியானோ ஏழாவது இடத்துக்குப் போனது.

தோற்றவற்றை உடனே அழிக்கவில்லை. 'பரண்' என்று ஒரு இடம் வைத்து அங்கே ஏற்றினேன், பழைய மெதுவான ஹார்ட் டிஸ்கில். ஒரு வருடம் வரை பரணில் இருந்து இறக்காத லைப்ரரியை நீக்கிவிடுவேன். உரிமம் இருப்பதால் வேண்டுமானால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

அடுத்ததுதான் நான் கெடுத்த வேலை. ஒழுங்கு என்றால் ஃபோல்டரை மாற்றி அடுக்குவது என்று நினைத்து, லைப்ரரிகளுக்கு உள்ளேயே கை வைத்தேன். எல்லா வயலினையும் ஒரு ஃபோல்டருக்கு, எல்லாப் புல்லாங்குழலையும் இன்னொன்றுக்கு. மறுநாள் கான்டாக்டைத் திறந்தால் வரிசையாக 'சாம்பிள் காணவில்லை' என்ற ஜன்னல். கருவிக் கோப்பு என்பது ஒரு விலாசப் புத்தகம் மாதிரி. உண்மையான ஒலி வேறு இடத்தில் இருக்கும். எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்று மட்டும்தான் அதில் எழுதியிருக்கும். நான் வீட்டை மாற்றிவிட்டேன், விலாசம் பழையதாகவே இருந்தது.

அதைச் சரி செய்து முடித்த அதே மாதம் இன்னொரு அடி. டிசம்பர். விளவங்கோடு தாலுகாவில் டிசம்பர் என்றால் கேரல் குழுக்கள் தெருத்தெருவாகப் போகும் மாதம், எங்களுக்கும் அதுதான் அறுவடை. முந்தின வருடத்துப் பாட்டைச் சுருதி குறைத்துத் தரச் சொல்லி ஒரு குழு வந்தது. வெளி டிஸ்க்கைச் சொருகினால், விண்டோஸ் அதற்கு 'எஃப்' என்பதற்குப் பதிலாக 'ஜி' என்று எழுத்துக் கொடுத்திருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக 22 டிராக்கும் ஊமையாகி நின்றது. அன்று கற்ற மூன்றைச் சொல்கிறேன். லைப்ரரி டிஸ்க்குக்கு டிஸ்க் மேனேஜ்மென்டில் போய், அகர வரிசையில் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். வேறு பென் டிரைவ் எதுவும் அதைப் பிடித்துக்கொள்ளாது. காணாமல் போன சாம்பிளுக்கு ஃபோல்டரைக் காட்டிச் சரி செய்தபின், கான்டாக்டில் உள்ள மொத்த மறுசேமிப்பு வசதியைக் கொண்டு புதிய விலாசத்தைப் பதிந்துவிடுங்கள்; அதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம். மூன்றாவது, லைப்ரரியின் உள்ளே இருக்கிற எதையும் தொட வேண்டாம். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே கிடக்கட்டும். நம் ஒழுங்கு அதற்கு மேலே, தனியாக நிற்க வேண்டும்.

அந்த 'மேலே' என்பது எனக்கு, நான் பாட்டுப் பதிவு செய்யும் ரீப்பர் மென்பொருளின் டிராக் டெம்ப்ளேட். வேறு மென்பொருளிலும் இதற்குச் சமமான வசதி இருக்கும். ஒரு டோனை ஒரு டிராக்கில் ஏற்றி, எனக்குப் பிடித்த மாதிரி சரி செய்து, நான் வைத்த பெயரில் சேமித்துவிடுவேன். அதற்குப் பிறகு லைப்ரரியைத் தேட வேண்டியதே இல்லை, டெம்ப்ளேட்டை இழுத்துப் போட்டால் போதும். லைப்ரரியோடு வருகிற குறிச்சொற்களை முதலில் நம்பிப் பார்த்தேன். சின்த் டோன்களுக்கு அவை உதவுகின்றன. ஆனால் தவிலை 'எத்னிக்' என்றும் 'வேர்ல்டு' என்றும் போடுகிற பட்டியலில் நான் எதைத் தேடுவது?

பெயர் வைப்பதில்தான் அதிக நாள் செலவானது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் வாயில் என்ன வார்த்தை வருமோ, அதுதான் பெயர் என்று கடைசியில் முடிவு செய்தேன். ஆசான் 'அன்பிட்ச்டு மெம்ப்ரனோஃபோன்' என்று கேட்க மாட்டார், 'வீக்கு' என்பார். சர்ச் கொயர் அக்கா 'பேட்' என்று சொல்ல மாட்டார், "பின்னால பஞ்சு மாதிரி ஒண்ணு விரிங்க தம்பி" என்பார். அதனால் என் அலமாரியில் 'விரிப்பு' என்று ஒரு தட்டு இருக்கிறது. தாளம், சுருதி, ஊதல், தந்தி, கட்டை, கூட்டுக்குரல், விரிப்பு, அடிநாதம் என்று எட்டுத் தட்டு. எட்டுக்கு மேல் வைத்தால் ஒரு டோன் எந்தத் தட்டு என்று யோசிக்க வேண்டிவருகிறது. யோசிக்க வேண்டி வந்தாலே அது தப்பான ஒழுங்கு.

தட்டுக்குப் பின் கருவி, அதற்குப் பின் அதன் குணம், கடைசியில் லைப்ரரியின் சுருக்கம். 'தாளம், வீக்குச் செண்டை, தூரத்து' என்று தொடங்கும். குணத்துக்கும் நம் வார்த்தைகள்தான்: முன்னே, தூரத்து, உலர்ந்த, ஈரமான, கம்மின, கூரான. குணத்தை எழுதாத பெயர் பாதிப் பெயர். நான்கு புல்லாங்குழல் இருந்தால் கை எதை எடுப்பது என்று தெரிய வேண்டாமா?

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். அக்கரையில் நாகஸ்வரம், இக்கரையில் நாதஸ்வரம். வெண்கலக் கைத்தாளத்தை இலத்தாளம் என்று ஒருவர் கேட்பார், தாளம் என்று இன்னொருவர். அதனால் பெயரில் இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். எதைத் தட்டினாலும் தேடலில் வந்துவிடும். மறுபக்கம், பல லைப்ரரிகள் வேறு வேறு கருவிகளை ஒரே பெயரில் போட்டு அடைத்திருக்கும். கேரளத்துக் குறுங்குழல், நாதஸ்வரம், ஷெனாய் மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும். மூன்றுக்கும் சீவாளி போன்ற இரட்டை நாக்கு உண்டு என்பது சரி. ஆனால் கோவில் மேளப் பாட்டில் ஷெனாயை வைத்தால் எங்கள் ஊர்ப் பாட்டி உடனே கண்டுபிடிப்பாள். கேட்டுப் பிரித்து, உரிய பெயரைக் கொடுப்பதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் வீணாகவில்லை.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. டிராக் பெயர், குறிப்பு எல்லாம் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் ஃபோல்டர் பெயரும் சாம்பிள் கோப்பின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருப்பது நல்லது. என்னிடம் இருந்த பழைய பிளக்-இன் ஒன்று, வழியில் ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் திறக்க மறுத்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போவதும் ஆபத்து. விண்டோஸில் வழியின் மொத்த நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும். டிஸ்கின் மேல்மட்டத்திலேயே ஒரு சின்னப் பெயர் கொடுத்து லைப்ரரிகளை வைத்தால் போதும்.

டெம்ப்ளேட்டில் டோனோடு கூட நான்கு விஷயம் சேர்த்து வைக்கிறேன். சத்த அளவு, அது நன்றாக ஒலிக்கும் ஸ்தாயி, வளைவின் அளவு, தாமதம். வளைவு என்பது பிட்ச் பெண்ட். பெரும்பாலும் இரண்டு அரைச்சுரம் என்றுதான் வரும். கமகம் இழுக்க எனக்கு அது போதாது, நாதஸ்வரத்துக்கு அதிகமாக வைத்துக்கொள்வேன். இதை ஒவ்வொரு பாட்டிலும் புதிதாகச் சரிசெய்தால் கை ஒருபோதும் பழகாது.

தாமதம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் ஆயின. வயலின் கூட்டம், கூட்டுக்குரல் போன்ற டோன்களில் கட்டையை அழுத்தியதும் ஒலி முழுதாக வராது. வில் நரம்பைப் பிடித்து எழும்ப நேரம் எடுக்கும். அந்த எழுச்சியையும் சேர்த்துத்தான் பதிவு செய்திருப்பார்கள். அதைத் தாளத்தோடு ஒட்டி வைத்தால் பின்தங்கியே கேட்கும். நாம் மிடியைக் கையால் முன்னே இழுப்போம், பிறகு டோனை மாற்றினால் எல்லாம் குழம்பும். இதற்குப் பதில், சரியான தாளத்தில் நான்கு சுரம் எழுதி, அதை ஆடியோவாக மாற்றி, சுரம் தொடங்கிய இடத்துக்கும் அலை பெரிதாகிற இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். 80 மில்லி நொடி என்றால், அந்த டிராக்கை 80 மில்லி நொடி முன்னால் ஒலிக்கும்படி வைத்து, அப்படியே டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ரீப்பரில் இதற்கு டிராக்கிலேயே பிளேபேக் ஆஃப்செட் இருக்கிறது. என்னிடம் உள்ள தந்தி டோன்கள் முழுவதற்கும் அளந்து எழுதிவிட்டேன். ஒன்றுக்கு 40, ஒன்றுக்கு 190. இப்போது எந்த வயலினை எந்த இடத்தில் மாற்றிப் போட்டாலும் தாளம் கலையாது.

நினைவகம் பற்றி. என் கம்ப்யூட்டரில் 16 ஜி.பி.தான். முக்கியமான 84 டோனையும் ஒரே திட்டத்தில் திறந்த நிலையில் வைத்தால் மூச்சுத் திணறும். அதனால் எல்லாவற்றையும் ஆஃப்லைனில் தூங்க வைத்திருக்கிறேன். வேண்டியதை மட்டும் எழுப்பினால் போதும். கான்டாக்டில் 'பர்ஜ்' என்று ஒன்று உண்டு. அதைச் செய்தால் ஏறியிருந்த சாம்பிள்கள் நினைவகத்தைவிட்டு இறங்கிவிடும், பாட்டு எந்தச் சுரத்தைத் தொடுகிறதோ அது மட்டும் திரும்ப ஏறும். பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிக்கு இது பெரிய ஆறுதல். முடிந்தால் அன்றாட லைப்ரரிகளை எஸ்.எஸ்.டி.யில் வைத்துவிடுங்கள். காசு இல்லாத காலத்தில் நான் தாளம், ஊதல் இரண்டு தட்டை மட்டும் 250 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். பாதித் துன்பம் அன்றே போனது.

சுருதிப் பெட்டி, தம்புரா, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) எல்லாவற்றையும் பாடகர்களின் சுருதிக் கணக்கான கட்டையில் குறித்திருக்கிறேன். பாடகர்கள் எங்களிடம் 'சி ஷார்ப்' என்று சொல்வதில்லை, ஒன்றரைக் கட்டை என்பார்கள். ஒன்று சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி. இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. எந்தப் பாட்டில் எந்த டோன் என்று கையால் எழுதுவேன். கம்ப்யூட்டர் ஒருநாள் திறக்காமல் போனாலும் அது திறக்கும்.

எவ்வளவு ஒழுங்கு செய்தும் ஒரு இடம் காலியாகவே இருந்தது. வில்லுப்பாட்டின் ஒலி. வீசுகோல் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் சிலிர்க்கும் சத்தம், குடத்தின் வாயை அறையும்போது கீழே இறங்குகிற அந்த நாதம், உடுக்கையின் கயிற்றை இறுக்கும்போது குரல் மாதிரி வளைகிற சுரம். எங்கள் ஊர் முழுக்கக் கேட்கிற ஒலி, காசு கொடுத்து வாங்கக் கிடைக்கவில்லை. சரி, நாமே எடுப்போம் என்று ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைக் கேட்டேன். ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு என்ன கூலியோ அதைக் கொடுத்தேன். இந்த ஒலியை இனி வரும் பாட்டுகளில் பயன்படுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதத்தை எழுதி வாங்கினேன். இதைச் செய்யாமல் யார் வாசிப்பையும் சாம்பிள் ஆக்க வேண்டாம். பிறகு ஆசானிடமும் போய்க் கேட்டேன். செண்டையோடு வந்தார்.

எங்கள் அறை முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த அறை. சுவர் தடிப்பு, ஆனால் கூரை தகரம். பகலில் காக்கை, சாயங்காலம் வண்டி, மழை வந்தால் தகரத்தில் கொட்டு. ராத்திரி பதினொன்றுக்கு மேல் தவளை மட்டும்தான். தவளைக்கு நடுவில் இடைவெளி பார்த்து அடித்தோம். ஒவ்வொரு அடியையும் ஐந்து அழுத்தத்தில், ஒவ்வொரு அழுத்தத்தையும் நான்கு முறை எடுத்தேன். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் துப்பாக்கி சுட்டது மாதிரி இருக்கும். நான்கு இருந்தால் மாறி மாறி வந்து மனிதக் கை போலக் கேட்கும். கோப்பின் பெயரில் கருவி, அடி, அழுத்தம், எத்தனையாவது என்று நான்கும் வரிசையாக இருக்கும். எண்ணை 01, 02 என்று பூஜ்யம் வைத்து எழுதினால்தான் வரிசை கலையாது.

இந்தக் கோப்புகளைக் கருவியாகக் கட்ட எஸ்எஃப்இசட் முறையைப் பயன்படுத்தினேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த ஒலி எந்தக் கட்டையில், எந்த அழுத்தத்தில், எத்தனையாவது முறையில் வர வேண்டும் என்று வரிவரியாக நோட்பேடில் எழுதினால் போதும். வாசிக்க ஸ்ஃபோர்ட்ஸாண்டோ என்ற பிளேயர் இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு எந்த மென்பொருள் போனாலும் இந்த எழுத்துக் கோப்பைத் திறந்து படிக்கலாம் என்ற நிம்மதிக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆசான் வந்த ராத்திரி ஒன்று சொன்னார்: "தேதி எழுதி வை. மழையா வெயிலான்னும் எழுது. தோலுக்கு அது உண்டு." உண்மைதான், ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, உலர்ந்த நாள் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவின் ஃபோல்டர் பெயரிலும் மாதமும் வானிலையும் சேர்த்துவிட்டேன்.

காப்புப் பிரதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி இடிக்கு எங்கள் தெருவில் ஒவ்வொரு வருடமும் ஒரு டிவியாவது போகும். மேகம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், யுபிஎஸ்ஸை நம்பி உட்கார மாட்டேன். ஆனால் 520 ஜி.பி. முழுவதையும் இரண்டு பிரதி எடுப்பது தேவையில்லை. வாங்கின லைப்ரரிகள் திரும்ப இறக்கக் கிடைப்பவை. அவற்றின் உரிம எண், எந்த மெயிலில் வாங்கினது என்பதை மட்டும் பத்திரமாக வைத்தால் போதும். திரும்பக் கிடைக்காதது நாமே எடுத்த சாம்பிளும், டெம்ப்ளேட்டும், பாட்டுகளின் திட்டக் கோப்பும். எல்லாம் சேர்ந்து என்னிடம் 9 ஜி.பி.தான். அது இந்த அறையில் இரண்டு டிஸ்கிலும், குழித்துறையில் அக்கா வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்கிலும் இருக்கிறது. மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது மாற்றி வைத்துவிட்டு வருவேன்.

போன மாதம் ஆசான் மறுபடி வந்தார், இன்னொரு கொடைப் பாட்டுக்கு. அவர் பையிலிருந்து கோலை எடுக்குமுன் 'வீக்கு' என்று தட்டினேன், வந்து நின்றது. நான்கு பார் ஓடவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இது எனக்க செண்டையாக்கும்" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "மழையில எடுத்ததா? தோலு கொஞ்சம் எறங்கி நிக்கே."

ஃபோல்டரின் பெயரைப் படித்துக் காட்டினேன். ஆனி, சாரல்.

மாசியில் நல்ல வெயில் அடிக்கும்போது இன்னொரு முறை எடுக்கலாம் என்று அங்கேயே நாள் குறித்தோம். அன்றைக்கு வீக்கை அரைச்சுரம் ஏற்றி வைத்துக்கொண்டு, அவர் செண்டையைத் தோளில் மாட்டினார்.